வேப்பிலை இல்லாத வாசல்கள்

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, ஊசியை எப்படிப் பிடிப்பது, மருந்தை எப்படிக் குளிரில் வைத்திருப்பது என்பதெல்லாம் உங்களுக்கு வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்கள். அதிலெல்லாம் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரராகத்தான் இருப்பீர்கள். அதைப் பற்றி எழுதி உங்கள் பொழுதைக் கெடுக்க மாட்டேன். பையிலிருந்து ஊசி வெளியே வருவதற்கு முன்னால், வாசலில் நின்று நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பது ஒன்று இருக்கிறது. அதற்கு வகுப்பு கிடையாது.

நான் வேலை செய்தது வெள்ளைக்காரன் ஆட்சியின் கடைசிக் காலத்தில். வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, தோளில் பை. கொழும்பில் தாதியென்றால் தமிழரும் சிங்களவரும் 'மிஸ்ஸி' என்றுதான் கூப்பிடுவார்கள். என் சொந்தப் பேர் எனக்கே மறந்து போகும் அளவுக்கு அந்தப் பேரில் வாழ்ந்தேன். பெரியம்மைக்கு அம்மைப்பால் குத்துவதுதான் வேலை. கையில் சின்னக் கீறல் கீறி மருந்தைத் தடவினால், சில நாளில் அந்த இடம் பொங்கிக் கொப்புளமாகும், பிறகு தழும்பாகும். பொங்கினால் குத்து பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

கொழும்பின் வசதியான பகுதியான வெள்ளவத்தையில் ஒருவரும் என்னை வேண்டாம் என்று சொன்னதில்லை. உள்ளே கூப்பிட்டு, கதிரை தந்து, தேத்தண்ணி தந்து, "பிள்ளைக்குக் கொஞ்சம் தடிமன் மிஸ்ஸி, வாற மாதம் பாப்பமே" என்பார்கள். வருகிற மாதமும் தடிமன்தான். அந்தக் காலத்து வெள்ளவத்தைப் பிள்ளைகளின் மூக்கு காய்ந்து நான் பார்த்ததே இல்லை. துறைமுகத்தை ஒட்டிய கொட்டாஞ்சேனையில் அப்படி இல்லை, முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவார்கள். எனக்கென்னவோ சாத்துகிற கதவுதான் பிடிக்கும். சாத்தியவளிடம் ஏன் என்று கேட்கலாம். தேத்தண்ணி தந்தவளிடம் என்னத்தைக் கேட்பது?

கொட்டாஞ்சேனையில் எனக்குக் கிடைத்த பகுதி ஒரு தோட்டம். தோட்டம் என்றதும் பூச்செடியை நினைக்காதீர்கள். ஒரு தண்ணீர்க் குழாயைச் சுற்றி இரு வரிசையாக நெருக்கிக் கட்டிய சிறு வீடுகள். ஆண்கள் பெரும்பாலும் கொச்சிக்கடைப் பக்கம் துறைமுகத்தில் மூட்டை சுமப்பவர்கள். குழாயடியில் ஒரு வேப்பமரம் நின்றது.

அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை கட்டுவது நம்முடைய சனங்களின் வழக்கம். ஆத்தா வந்திருக்கிறாள், வெளியார் உள்ளே வராதீர்கள், உள்ளே இருப்பவர்களும் வெளியே வர மாட்டோம் என்று அக்கம்பக்கத்துக்குச் சொல்லும் அறிவிப்பு அது. எங்கள் கந்தோர், அதாவது சுகாதார அலுவலகம், இதைக் கண்டுபிடித்துப் பெரிய சந்தோஷப்பட்டது. வீடு வீடாகத் தட்டி ஏன் அலைய வேண்டும்? தெருவில் நடந்துகொண்டே நிலைக்கதவுகளைப் பார்த்தால் போதும். வேப்பிலை தெரிந்தால் சுகாதார இன்ஸ்பெக்டர் சப்பாத்துக் காலோடு உள்ளே போவார், பின்னால் கறுப்பு வான் வண்டி வரும், நோயாளியை நகருக்கு வெளியே இருந்த காய்ச்சல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும். முதல் தடவை இந்த வேட்டை நன்றாகவே பலித்தது.

அடுத்த தடவை அம்மை வந்தபோது கொட்டாஞ்சேனையில் ஒரு வாசலிலும் வேப்பிலை இல்லை. நோய் குறைந்துவிட்டது என்று இன்ஸ்பெக்டர் மேலிடத்துக்கு அறிவித்தார். அவர் கெட்ட மனிதரல்ல. சிங்களவர், நேர்மையானவர், மழையிலும் வேலைக்கு வருபவர். கண்ணால் காணாததை நம்பமாட்டார், அவ்வளவுதான். குழாயடி வேப்பமரம் ஒரு கொப்பும் ஒடிபடாமல் தளதளவென்று நின்றதை நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டுதான் போனோம். ஒடித்தால் நாங்கள் கண்டுகொள்வோம் என்றுதான் ஒருவரும் அதைத் தொடவில்லை என்பது எனக்கும் உறைக்கவில்லை.

ஒரு நாள் பின்னேரம் அந்தத் தோட்டத்துக்குள் நான் தனியாகப் போனேன். இன்ஸ்பெக்டர் முடுக்கு வாயிலில் நின்றார். வழமையாக அந்த நேரத்தில் தோட்டம் முழுக்க வடை வாசம் அடிக்கும். ஆயிஷா உம்மா என்ற ஒரு மனுஷி துறைமுகத்திலிருந்து திரும்பும் ஆட்களுக்காக வாசலிலேயே வடை சுட்டு விற்பார். அன்று வாசம் இல்லை. உம்மா ஒரு சட்டியில் அவித்த கடலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன உம்மா, எண்ணெய்ச்சட்டியைக் காணேல்லையே?"

"கைல சூடு பட்டீக்கி மிஸ்ஸி" என்றார் உம்மா. சொன்ன வாக்கில் அதே கையால் எனக்குக் கடலை அள்ளித் தந்தார். கையில் ஒரு காயமும் இல்லை.

கடலையை மென்றுகொண்டு நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. அம்மை கண்டவருக்கு எண்ணெய் கொதிக்கும் வாசம் ஆகாது. அந்த வீட்டில் மட்டுமல்ல, சுவர் ஒட்டிய வீட்டிலும் தாளிக்க மாட்டார்கள். உம்மாவின் சுவரை ஒட்டிய வீடு பாக்கியத்தின் வீடு. ஆத்தாவைக் கும்பிடாத உம்மா, பக்கத்து வீட்டு ஆத்தாவுக்காகச் சட்டியை இறக்கி வைத்திருக்கிறார். முழுத் தோட்டமும் சேர்ந்து ஒரு நோயாளியை எங்களிடமிருந்து ஒளித்துக்கொண்டிருந்தது. யாரிடமிருந்து என்று நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

பாக்கியம் முத்தையாவின் மனைவி. முத்தையா துறைமுகத்தில் வேலை, சிரித்த முகம். அவர்களுக்கு ஒரே ஒரு பெண் குழந்தை, இன்னும் தவழவில்லை. முன்பு நான் போனால் குழந்தையை என் மடியில் போட்டுவிட்டுத்தான் பாக்கியம் கதைக்கத் தொடங்குவாள். குத்துகிற பேச்சை எடுத்தால் மட்டும், "அடுத்த வாட்டி மிஸ்ஸி" என்று சிரித்து மழுப்புவாள். அன்று அவள் கதவைப் பாதி திறந்து நடுவில் நின்றாள். தலை வாரியிருக்கவில்லை. குழந்தை இடுப்பில் இருந்தது. அவளுக்குப் பின்னால் ஒரு துணி மூட்டை கட்டி வைத்திருந்தது.

"எங்க போறீர் பாக்கியம்?"

"எங்கயும் போகல மிஸ்ஸி."

"மூட்டை?"

அவள் மூட்டையைக் காலால் பின்னே தள்ளினாள். அவளுடைய அண்ணன் கொலன்னாவையில் எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பக்கத்தில் குடியிருப்பது எனக்குத் தெரியும்; குழந்தையை அங்கே ஒளித்துவைக்கத்தான் இந்த மூட்டை. அங்கேயும் இதே மாதிரி நெருக்கிக் கட்டிய வீடுகள். குழந்தைக்கு ஏற்கெனவே தொற்றியிருந்தால், இவள் அங்கே போய் இறங்கினால் அங்கேயும் வீடு வீடாகப் பரவும். முத்தையாவோடு ஒரே பாயில் கிடக்கும் குழந்தை, குத்தாத குழந்தை. உடனே குத்தினால் காப்பாற்றலாம். சில நாள் போனால் குத்தியும் பலனில்லை.

நான் ஒரு குரல் கொடுத்தால் இன்ஸ்பெக்டர் வருவார். வான் வரும். முத்தையாவைத் தூக்கும் அமளியில் இவள் குழந்தையோடு ஓடிவிடுவாள். குரல் கொடுக்காவிட்டால் இன்றிரவே போய்விடுவாள். செருப்பைக் கழற்றிவிட்டு, வாசற்படியிலேயே உட்கார்ந்தேன்.

"முத்தையாவுக்கு எப்பிடி இருக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

அவள் முகம் உடைந்தது. "ஆத்தா இறங்கியிருக்கா மிஸ்ஸி. முகம் பூரா. தண்ணி கூட முழுங்க முடியல."

"குழந்தைக்குக் குத்துவம்."

"ஆத்தா இருக்கிற வீட்டுல இரும்பு படக் கூடாதுங்க. மூணு தண்ணி ஊத்தி முடியட்டும், அப்புறம் குத்துங்க."

மூன்று தண்ணீர் வார்ப்பதென்றால் நோய் இறங்கிய பிறகு. அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். உங்களில் சிலர் இந்த இடத்தில் மூடநம்பிக்கை என்று ஒரு பிரசங்கம் வைப்பீர்கள். எனக்கும் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவள் கண் என் பையிலே இல்லை, முடுக்கு வாயிலையே பார்த்துக்கொண்டிருந்தது. ஊசிக்குப் பயந்தவள் ஊசிப்பையைத்தான் பார்ப்பாள்.

"உமக்குப் பயம் ஊசிக்கோ, வானுக்கோ?" என்று கேட்டேன்.

பாக்கியம் குழந்தையின் தலையைத் தடவினாள். "எங்க அக்காவை அந்த வண்டியிலதான் கொண்டு போனாங்க. வேப்பிலையைப் பாத்துட்டு வந்து கொண்டு போனாங்க. ஆஸ்பத்திரி வாசல்ல போய் நின்னோம், உள்ள விடல. செத்துப் போச்சுன்னு சேதி கூட யாரும் சொல்லல மிஸ்ஸி. வேற ஒரு ஆளைக் கேட்டுத்தான் தெரிஞ்சுது. எங்க பொதைச்சாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

இதை நான் அறிந்திருக்கவில்லை. வானில் ஏற்றுவதோடு எங்கள் வேலை முடிந்தது என்றுதான் கந்தோரில் எல்லோரும் நினைத்திருந்தோம்.

அவள் அதோடு விடவில்லை. "இவருக்கும் சின்னதுல குத்தினதுதான். கையில தழும்பு இருக்கு. பின்ன ஏன் வந்துச்சு?"

கந்தோரில் இதற்கு ஒரு பதில் வைத்திருந்தார்கள். அது சரியான தழும்பல்ல, சரியாகக் குத்தியிருக்க மாட்டார்கள் என்று சொல்லச் சொல்வார்கள். நான் அதைச் சொல்லவில்லை. "குத்தினதின்ர பலன் காலம் போகப் போகக் குறையும் பாக்கியம். வளந்தாப் பிறகு திரும்பக் குத்த வேணும். அவருக்கு நாங்கள் திரும்பக் குத்தேல்ல. குழந்தைக்கு இப்ப குத்தினால் இப்ப காக்கும்."

"ஆஸ்பத்திரிக்குப் போனா பொழைச்சிருவாரா?"

பிள்ளைகளே, அந்த வாசற்படியில் இருந்து 'ஓம்' என்று தலையாட்டி ஒரு சொல் சொல்வது எவ்வளவு சுகம் தெரியுமா? ஒரே சொல்லில் எல்லாம் முடிந்திருக்கும். குழந்தை என் மடிக்கு வந்திருக்கும், முத்தையா வானில் ஏறியிருப்பார், நான் நேரத்தோடு வீட்டுக்குப் போயிருப்பேன்.

"தெரியாது" என்றேன். "இங்க வைச்சிருந்தால் தோட்டம் முழுக்கப் பரவும், அது மட்டும் தெரியும். அவர் பிழைப்பாரோ எண்டு எனக்குத் தெரியாது. ஆனால் சேதி வரும். ஒவ்வொரு நாளும் வரும். நல்லதெண்டாலும் கெட்டதெண்டாலும் என்ர வாயால வரும். நீர் கொலன்னாவைக்குப் போகாமல் இங்க இருந்தால்தான் எனக்கு வந்து சொல்ல ஏலும்."

அவள் மூட்டையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு குழந்தையை என் மடியில் வைத்தாள். வீட்டுக்குள் இரும்பு படவில்லை. படிக்கு இந்தப் பக்கம் வைத்துத்தான் குத்தினேன். குழந்தை வீறிட்டது. உள்ளே இருந்து முத்தையா ஏதோ முனகியது கேட்டது. பாக்கியம் அவருக்குக் குரல் கொடுத்தாள்: "ஒண்ணுமில்லீங்க, மிஸ்ஸிதான்."

வான் வந்தபோது ஒரு சின்னத் தகராறு. வாசலில் கட்ட வேண்டிய வேப்பிலையைப் பாக்கியம் வேறெங்கோ ஒடித்து வந்து, முத்தையாவின் பாய்க்குக் கீழே ஒளித்து வைத்திருந்தாள். அதில் ஒரு கொத்தை எடுத்து அவர் நெஞ்சில் வைத்தாள். வானுக்குள் குப்பை ஏற்றக் கூடாது என்றார் இன்ஸ்பெக்டர். "மாத்தயா, அந்த இலை வராட்டி நானும் வர மாட்டேன்" என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். என் சிங்களத்தைக் கேட்டு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இலை போனது.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் கந்தோர் டெலிபோனில் ஆஸ்பத்திரிக் கிளாக்கரைப் பிடிப்பேன். "என்ன மிஸ்ஸி, சொந்தக்காரரோ?" என்று அவர் சலித்துக்கொள்வார். "ஓம், மச்சான்" என்பேன். பின்னேரம் தோட்டத்துக்குப் போய், படியில் இருந்து சொல்வேன். இன்றைக்குக் கஞ்சி குடித்தார். இன்றைக்குக் காய்ச்சல் கூடிவிட்டது. இன்றைக்குப் பேச்சில்லை. நல்லதைக் கூட்டவும் இல்லை, கெட்டதைக் குறைக்கவும் இல்லை. பாக்கியமும் குழந்தையும் படியைத் தாண்டவில்லை. உம்மா சோற்றைக் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டுப் போவார். நான் சேதி சொல்லும்போது மற்ற வீட்டுக் கதவுகள் கொஞ்சம் திறந்திருக்கும். முழுத் தோட்டமும் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும்.

இதற்கிடையில் தோட்டத்தில் எல்லோருக்கும் குத்துவதற்கு நாள் வைத்தார்கள். அதற்கு முதல் நாள் காலை டெலிபோன் எடுத்தேன். கிளாக்கர் வழமைபோல் சலித்துக்கொள்ளவில்லை. "மிஸ்ஸி, இருங்கோ" என்றார். அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது. முத்தையா விடியும் முன் இறந்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் என் முகத்தைப் பார்த்துக் கதிரையை இழுத்துப் போட்டார். அவர் சொன்னது கல்நெஞ்சுக்காரன் பேச்சல்ல. நாளைக்குக் குத்து முடியட்டும், நாளை மறுநாள் சொல்லலாம் என்றார். இன்றைக்குச் சொன்னால் ஒரு கதவும் திறக்காது. குத்திக்கொண்ட மனிதன், ஆஸ்பத்திரிக்குப் போன மனிதன், செத்துப்போனான் என்பார்கள். அங்கே எத்தனை குழந்தைகள் இருக்கின்றன, ஒரே ஒரு நாள் பொறுக்க முடியாதா என்று கேட்டார்.

அவர் சொன்னதில் பிழை காண முடியவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் பின்னேரமானால் பாக்கியம் வாசலில் வந்து நிற்பாள். நான் போகாமல் விட்டால் அதுவே ஒரு சேதி. போய்க் கஞ்சி குடித்தார் என்று சொன்னால், இவ்வளவு நாளும் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும். "மாத்தயா, அவளுடைய அக்காவுக்குச் செய்ததையே திரும்பச் செய்யச் சொல்கிறீர்கள்" என்றேன். அவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ட்ராமில் பொறளை வரைக்கும் போய், அங்கிருந்து பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். எங்கே புதைத்தார்கள் என்று கேட்டேன். காட்ட மாட்டோம் என்றவர்களிடம், பார்க்காமல் திரும்ப மாட்டேன் என்று சொல்லி மர நிழலில் குடையை ஊன்றிக்கொண்டு நின்றேன். கடைசியில் ஒரு கங்காணி கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். மண் இன்னும் ஈரமாக இருந்தது. பக்கத்தில் ஒரு காட்டாமணக்குச் செடி. அதை அடையாளம் வைத்துக்கொண்டேன்.

பின்னேரம் பாக்கியம் வாசலில் நின்றாள். நான் படியில் உட்காரவில்லை. அதைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நான் சொன்னேன். அவள் அப்படியே தரையில் விழுந்து தலையில் அடித்துக்கொண்டாள். "போயிருங்க மிஸ்ஸி, போயிருங்க" என்று கத்தினாள். நான் போகவில்லை. தொட்டுப் பிடிக்கவும் துணியவில்லை, குடையைப் பிடித்துக்கொண்டு நின்று நானும் அழுதேன். ஓய்ந்த பிறகு அவளே கேட்டாள்.

"எங்க?"

ஆஸ்பத்திரிப் பெருமதிலுக்குப் பின்னால், கிழக்குப் பக்கம், காட்டாமணக்குச் செடிக்குப் பக்கத்தில் என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். தோட்டத்தில் ஒவ்வொரு கதவாகச் சாத்தும் சத்தம் கேட்டது.

மறுநாள் காலை குழாயடியில் மேசை போட்டோம். ஒரு கதவும் திறக்கவில்லை. இன்ஸ்பெக்டர் மூடியிருந்த கதவுகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார். வெயில் ஏறியது. வேப்பமர நிழல் மேசையை விட்டு விலகிப் போனது. என் பிடிவாதத்தால் எந்தெந்தக் குழந்தை சாகப் போகிறதோ என்ற எண்ணம்தான் எனக்குள் ஓடியது. அந்தக் காலையைப் போல நான் வேறெந்தக் காலையும் பயந்ததில்லை.

ஒரு கதவு திறந்தது. பாக்கியம் படிக்கு இந்தப் பக்கம் வராமல், குழந்தையை முன்னால் நீட்டிப் பிடித்தாள். போய்ப் பார்த்தேன். கையில் குத்திய இடம் வட்டமாகப் பொங்கியிருந்தது. காய்ச்சல் இல்லை, உடம்பில் வேறு ஒரு கொப்புளமும் இல்லை. "பிடிச்சிட்டுது" என்றேன்.

பாக்கியம் என்னைப் பார்க்கவில்லை. தோட்டத்தைப் பார்த்துத்தான் பேசினாள். "அவர் செத்ததை மிஸ்ஸி நேத்தே வந்து சொல்லிட்டாங்க. இன்னிக்குச் சொல்லியிருக்கலாம், நாளைக்குச் சொல்லியிருக்கலாம். நேத்தே சொன்னாங்க." அவ்வளவுதான். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

முதலில் வந்தது ஆயிஷா உம்மா. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கையை மேசையில் வைத்தார். "சுடாத கையைத் தாங்கோ உம்மா" என்றேன். அழுதுகொண்டே சிரித்தார். பிறகு மற்றவர்கள் வந்தார்கள். எல்லாரும் வந்தார்கள் என்று சொன்னால் பொய். கடைசி வரைக்கும் திறக்காத கதவுகள் இருந்தன. பிறகும் போய் அவற்றைத் தட்டினேன், சிலது திறந்தது, சிலது திறக்கவே இல்லை. இன்ஸ்பெக்டர் மட்டும் அன்றிலிருந்து சப்பாத்தோடு உள்ளே போவதை விட்டுவிட்டார். வானில் ஏற்றிய ஒவ்வொருவருடைய வீட்டுக்கும் ஒவ்வொரு நாளும் சேதி போக வேண்டும் என்று கந்தோரில் சண்டை பிடித்து ஒழுங்கு செய்தவரும் அவர்தான்.

சில வருடங்கள் கழித்து, துறைமுகத்தில் திரும்பவும் அம்மை என்று பேச்சு அடிபட்டது. அப்போது எனக்கு வேறு பகுதி. இருந்தாலும் மனம் கேட்காமல் அந்தத் தோட்டத்துக்குப் போனேன். குழாயடி வேப்பமரத்தில் ஒரு கொப்பு ஒடிபட்டிருந்தது. நிமிர்ந்து வரிசையைப் பார்த்தேன். கோடி வீட்டு வாசலில், தெருவில் போகிற எவருக்கும் தெரிகிற மாதிரி, பெரிய கொத்தாக வேப்பிலை கட்டியிருந்தது. தோட்டத்துக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு சின்னப் பெண் வாசலில் நின்றாள். நான் அவளை முன்பு கண்டதில்லை.

அவள் என் குடையைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். "நீங்கதானே மிஸ்ஸி?" என்று கேட்டாள். "பாக்கியம் அக்கா சொன்னாங்க, இதைக் கட்டினா நீங்க வருவீங்கன்னு."

செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் உட்கார்ந்தேன்.